விமான சிமுலேட்டர் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ்? சந்தேகங்களும் விளக்கங்களும்

வீட்டு மேசையில் உட்கார்ந்து போயிங் 737-ஐயும் ஏர்பஸ் ஏ320-ஐயும் ஓட்டிப் பழகுகிறவர்கள் கணினிக்குச் செலவு செய்யத் தயங்குவதில்லை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024-க்குப் பரிந்துரைக்கப்படும் ரேம் 32 ஜிபி. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, ஜாய்ஸ்டிக், ரடர் பெடல் என்று சேர்த்தால் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும். இவ்வளவு போட்டும் ஓடுபாதை நெருங்கும் நேரத்தில் திரை ஒரு கணம் உறைந்து நின்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். அப்போது முதலில் பழி விழுவது ஆன்டிவைரஸ் மேல். "அதை அணைத்துவிடு, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லவும் ஆள் இருக்கிறது.

இந்த யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். சிமுலேட்டர் ஆர்வலர்களைப் போல முன்பின் தெரியாதவர்கள் எழுதிய நிரல்களைத் தினமும் இறக்கி இயக்குகிறவர்கள் குறைவு. பாதுகாப்பு அதிகம் தேவைப்படுவது இந்தக் கணினிக்குத்தான். பரவலாகக் கேட்கப்படும் சந்தேகங்களையும் அவற்றுக்கான விளக்கங்களையும் பார்ப்போம்.

பறப்பதற்கு மட்டுமே வைத்திருக்கும் கணினி. வங்கி வேலை, மெயில் எதுவும் அதில் இல்லை. ஆன்டிவைரஸ் எதற்கு?

வங்கி இல்லாவிட்டாலும் கணக்குகள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்கோ ஸ்டீம் கணக்கோ இல்லாமல் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரே திறக்காது. ஆட்-ஆன் வாங்கிய கடைகளின் கணக்கு, அவற்றில் சேமித்த கார்டு விவரம், பிரவுசரில் பதிந்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அங்கேதான் உள்ளன. வீட்டின் மற்ற கணினிகளும் போன்களும் அதே வைஃபையில் இருக்கின்றன.

ஆட்-ஆன் என்பது வெறும் படமோ ஒலியோ அல்ல என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் ஒரு பிளக்-இன் போட்டால், அது சிமுலேட்டருக்கு உள்ளேயே ஓடும் முழுமையான நிரல். உங்கள் பயனர் கணக்கால் திறக்க முடிந்த எந்த ஃபைலையும் அதுவும் திறக்கலாம். பழைய சிமுலேட்டர்களான எஃப்எஸ்எக்ஸ், பிரிபேர்3டி ஆகியவற்றின் மாட்யூல்களும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட்டின் 2020, 2024 பதிப்புகளில் நிலைமை கொஞ்சம் மேல். விமானத்தின் நிரல் வெப்அசெம்ப்ளி என்ற வேலிக்குள் ஓடுகிறது; கண்ட இடத்தில் எழுத அதற்கு அனுமதி கிடையாது. ஆனால் அந்த விமானத்தை நிறுவும் இன்ஸ்டாலருக்கும், பக்கத்திலேயே தனியாக ஓடும் துணை நிரல்களுக்கும் அந்த வேலி இல்லை. ஆபத்து நுழையும் வழி அதுதான்.

விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் போதுமா? காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு டிஃபெண்டரே போதும். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து இது இயங்குதளத்தின் பகுதியாகவே வருகிறது. ஆரம்ப ஆண்டுகளில் அதற்கு நல்ல பெயர் இல்லை. "ஒன்றுமில்லாததற்கு இது தேவலாம்" என்ற அளவில்தான் பேசினார்கள். அந்தப் பழைய பெயர் இன்னும் சிலர் மனதில் நிற்கிறது. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் இயங்கும் ஏவி-டெஸ்ட் என்ற சோதனைக்கூடம் பாதுகாப்பு, வேகம், தவறான எச்சரிக்கை ஆகிய மூன்றுக்கும் ஆறாறு புள்ளிகள் வீதம் மொத்தம் 18-க்கு மதிப்பெண் போடுகிறது. அண்மை ஆண்டுகளில் டிஃபெண்டர் பலமுறை முழு 18-ஐயும் பெற்றிருக்கிறது.

வேகத்தில் டிஃபெண்டரை விட இலேசான ஆன்டிவைரஸ்கள் உண்டு என்பதும் உண்மை. நிறைய ஃபைல்களை நகலெடுக்கும்போதும் சுருக்கி வைத்ததை விரிக்கும்போதும் அந்த வித்தியாசம் தெரியும். பறந்துகொண்டிருக்கும்போது பெரும்பாலும் தெரியாது. கட்டணத் தொகுப்புகளில் கூடுதலாகக் கிடைக்கும் விபிஎன், பாஸ்வேர்டு பெட்டகம், கணினியைச் 'சுத்தம்' செய்யும் கருவி எதுவும் சிமுலேட்டருக்கு உதவாது. சுத்தம் செய்யும் கருவி சில சமயம் கெடுக்கவும் செய்யும். சிமுலேட்டர் சேர்த்து வைத்த கேஷை அழித்துவிட்டால், அடுத்த முறை அதே ஊரின் நிலப்பரப்பை இணையத்திலிருந்து மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

ஆன்டிவைரஸ் உண்மையிலேயே ஃப்ரேமைக் குறைக்கிறதா?

இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் தப்பாகிவிடும்.

நொடிக்கு 30 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமையும் 33 மில்லிநொடிக்குள் கணினி முடித்தாக வேண்டும். 60 ஃப்ரேம் என்றால் 17 மில்லிநொடிகூடக் கிடைக்காது. ஆன்டிவைரஸின் நிகழ்நேரக் காவல், ஃபைல்கள் திறக்கப்படும் பாதையிலேயே அமர்ந்திருக்கிறது. சிமுலேட்டர் ஒரு ஃபைலைக் கேட்டால், அது முதலில் பரிசோதிக்கப்பட்டு, பிறகுதான் கைக்கு வரும். ஏற்கெனவே பரிசோதித்து, மாறாமல் இருக்கும் ஃபைலை டிஃபெண்டர் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பார்க்காது. புதிய ஃபைல், மாறிய ஃபைல், வைரஸ் பட்டியல் புதுப்பிக்கப்பட்ட பின் முதல்முறை திறக்கும் ஃபைல் ஆகியவற்றுக்குத்தான் நேரம் பிடிக்கும்.

ஆகவே பாதிப்பு எங்கே தெரியும்? சிமுலேட்டர் திறக்கும் நேரத்தில் தெரியும். ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைப் புரட்டும் கட்டம் அது. அப்டேட் வந்த மறுநாள் இன்னும் கூடுதலாகத் தெரியும். பறக்கும்போது புதிய நகரத்தின் மேல் நுழைகையில், கனமான காட்சி ஃபைல்கள் திறக்கும் கணத்தில் ஒரு சின்ன உதறல் வரலாம். 35 ஃப்ரேம் கிடைக்க வேண்டிய இடத்தில் 25 தான் கிடைக்கிறது என்று பயணம் முழுக்கக் குறைவாக இருந்தால், அதற்கு ஆன்டிவைரஸ் காரணமாக இருப்பது அரிது.

சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். சிமுலேட்டர் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்ற வரியைக் கவனியுங்கள். உதறல் வரும் கணத்தில் அதன் சிபியு எண் எகிறினால் சந்தேகத்துக்கு இடமுண்டு. அசையாமல் கிடந்தால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்: சிபியுவின் ஒரே கோரில் வேலை குவிந்திருக்கலாம், கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்பி வழியலாம், இணையம் தடுமாறலாம். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, எந்த ஃபைலைப் பரிசோதிக்க டிஃபெண்டர் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பட்டியலிடும் கருவியை மைக்ரோசாஃப்ட்டே பவர்ஷெல்லில் வைத்திருக்கிறது. ஊகத்தின் பேரில் காவலை அணைப்பதற்கு முன் அதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

முழு ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. டிஃபெண்டரின் திட்டமிட்ட ஸ்கேன், இயல்பாகவே கணினி சும்மா இருக்கும் நேரத்தைத்தான் தேடும். சில கட்டண ஆன்டிவைரஸ்கள் அப்படியில்லை. ராத்திரி எட்டு மணிக்கு என்று குறித்து வைத்தால், நீங்கள் பறந்துகொண்டிருந்தாலும் எட்டு மணிக்கே தொடங்கிவிடும். அந்த நேரத்தை மாற்றினாலே சிலருடைய பிரச்சினை தீர்ந்துவிடும்.

சிமுலேட்டர் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கி வைக்கலாமா? எதை விலக்குவது, எதை விடுவது?

விலக்கலாம், ஆனால் அளவோடு. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' பகுதிக்குப் போய், 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து கீழே வந்தால் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' இருக்கும். அங்கே ஃபோல்டரைச் சேர்த்துவிட்டால் நிகழ்நேரக் காவலும் திட்டமிட்ட ஸ்கேனும் அதைத் தொடாது. தொடாது என்றால் நல்லது கெட்டது எதையும் தொடாது.

விலக்கத் தகுந்தவை கனமான, ஆனால் நிரல் இல்லாத ஃபைல்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் 'அஃபிஷியல்' என்ற ஃபோல்டரும், பறக்கப் பறக்க மாறிக்கொண்டே இருக்கும் ரோலிங் கேஷ் ஃபைலும் இந்த வகை. ஸ்டீமில் வாங்கியவர்களுக்கும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கியவர்களுக்கும் இவை இருக்கும் இடம் வேறு வேறு. ஸ்டோரில் வாங்கிய 2024 பதிப்பைத் தேடுகிறவர்கள் 'ஃப்ளைட் சிமுலேட்டர்' என்ற பெயரைத் தேடிக் களைத்துப் போவார்கள். அங்கே அதன் ஃபோல்டருக்கு 'லிமிட்லெஸ்' என்று பெயர். எக்ஸ்-பிளேனில் 'குளோபல் சீனரி'யையும், ஆர்த்தோ4எக்ஸ்பி கொண்டு நீங்களே உருவாக்கிய செயற்கைக்கோள் படத் துண்டுகளையும் விலக்கலாம்.

விலக்கக் கூடாதவை நிரல் இருக்கும் இடங்கள். எக்ஸ்-பிளேனின் 'பிளக்இன்ஸ்' ஃபோல்டரைக் காவலுக்குள்ளேயே வையுங்கள். அதில் ஃபைல்கள் குறைவு, ஸ்கேனுக்கு நேரமும் பிடிக்காது, அபாயமோ அங்கேதான் அதிகம். 'கஸ்டம் சீனரி'யை மொத்தமாக விலக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. சில விமான நிலையத் தொகுப்புகளுக்கு உள்ளேயே பிளக்-இன் இருக்கும். படத் துண்டுகளின் ஃபோல்டர்களை மட்டும் தனித்தனியாகச் சேர்ப்பது கொஞ்சம் சிரமம்தான், ஆனால் அதுதான் சரி. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 'கம்யூனிட்டி' ஃபோல்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திறக்கும் நேரம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் மட்டும் அதை விலக்குங்கள். விலக்கினால், புதிதாக இறக்கும் எதையும் வேறு ஃபோல்டரில் வைத்துக் கையால் ஸ்கேன் செய்த பிறகே அதற்குள் நகர்த்துங்கள்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர், டெம்ப் ஃபோல்டர், ஒரு முழு டிரைவ் ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் விலக்காதீர்கள். "டி டிரைவ் முழுக்க சிமுலேட்டர்தான், அதையே சேர்த்துவிட்டேன்" என்கிறவர்கள் நாளைக்கு அதே டிரைவில் வேறொன்றையும் இறக்குவார்கள்.

'புராசஸ்' என்று ஒரு வகை விலக்கும் அங்கே இருக்கிறது. சிமுலேட்டரின் பெயரை அதில் சேர்த்தால் சிமுலேட்டர் மட்டும் விலக்கப்படும் என்று நினைக்கிறார்கள். அது அப்படி வேலை செய்வதில்லை. அந்த நிரல் திறக்கும் ஃபைல்கள் அத்தனையும் நிகழ்நேரக் காவலிலிருந்து விடுபடும். சிமுலேட்டருக்குள் ஏற்றப்படும் பிளக்-இன்னும் அந்தச் சலுகையில் புகுந்துகொள்ளும். ஃபோல்டர் விலக்கே பாதுகாப்பானது.

ஆட்-ஆன் நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி அதன் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். அணைக்கலாமா?

2018 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஃப்ளைட்சிம்லேப்ஸ் என்ற நிறுவனம், எஃப்எஸ்எக்ஸுக்கும் பிரிபேர்3டிக்கும் ஏர்பஸ் ஏ320-ஐ மிக நுட்பமாகச் செய்து விற்றுவந்தது. ஆர்வலர்கள் கொண்டாடிய தயாரிப்பு, விலையும் அதற்கேற்றபடி. அதன் இன்ஸ்டாலருக்குள் 'டெஸ்ட்.எக்ஸி' என்ற பெயரில் ஒரு ஃபைல் இருப்பதை ரெட்டிட்டில் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். பாதுகாப்பு ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, கூகுள் குரோமில் சேமித்திருக்கும் பயனர்பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் உருவி எடுக்கும் கருவி அது என்று தெரிந்தது.

நிறுவனம் அதை மறுக்கவில்லை. தங்கள் மென்பொருளைத் திருடிப் பரப்பும் ஒருவரைப் பிடிக்க வைத்த பொறி அது என்றது. குறிப்பிட்ட திருட்டு வரிசை எண்ணைப் போட்டால்தான் அது இயங்கும். காசு கொடுத்து வாங்கியவர்களின் கணினியில் தற்காலிகமாக விரிக்கப்பட்டாலும் இயக்கப்படாது என்று விளக்கம் சொன்னது. எதிர்ப்பு வலுத்ததும் அந்த ஃபைல் இல்லாத புதிய இன்ஸ்டாலரை வெளியிட்டது.

அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒன்று மாறவில்லை. முழு விலை கொடுத்து, நியாயமான கடையில் வாங்கிய வாடிக்கையாளரின் கணினிக்குள் பாஸ்வேர்டு திருடும் கருவி ஒன்று போய் இறங்கியது. அவர் அனுமதி கொடுக்கவில்லை. அவருக்குத் தெரியவும் தெரியாது. இன்ஸ்டாலர்கள் பெரும்பாலும் நிர்வாகி அனுமதியோடு ஓடுபவை என்பதையும் சேர்த்து யோசித்தால் இதன் கனம் புரியும். இப்படிப்பட்ட ஃபைலைப் பார்த்ததும் கூச்சல் போடுவதற்காகத்தான் ஆன்டிவைரஸ் இருக்கிறது. கூச்சல் போடும் நேரத்தில் அதன் வாயை அடைத்து வைத்திருந்தால் என்ன பயன்?

தயாரிப்பாளர்கள் அணைக்கச் சொல்வது எப்போதும் கெட்ட எண்ணத்தால் அல்ல. திருட்டைத் தடுக்க அவர்கள் நிரலைப் பூட்டு போட்டுச் சுற்றுகிறார்கள். வைரஸ் எழுதுகிறவர்களும் தங்கள் நிரலை அப்படித்தான் சுற்றுகிறார்கள். ஆன்டிவைரஸ் இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தடுத்துவிடும். பாதி நிறுவப்பட்ட விமானத்தோடு வாடிக்கையாளர் புகார் சொல்ல வருவார். அந்தத் தொல்லையைத் தவிர்க்கக் கண்ட சுலபமான வழி, "அணைத்துவிடுங்கள்" என்ற ஒரு வரி. அவர்களுக்குச் சுலபம். விலை கொடுப்பது நாம்.

ஆகவே அணைக்காமலே நிறுவுங்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தடுத்தால், எந்த ஃபைலை என்ன பெயர் சொல்லித் தடுத்தது என்று பார்த்து, அந்த ஒன்றைப் பற்றி மட்டும் முடிவெடுங்கள்.

தடுத்துவிட்டது. தவறான எச்சரிக்கையா, உண்மையான வைரஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எச்சரிக்கையில் இருக்கும் பெயரைப் படியுங்கள். டிஃபெண்டர் சூட்டும் பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறியும் 'எம்எல்' என்ற இரண்டு எழுத்தும் இருந்தால், அது இயந்திரக் கற்றல் முறையில் செய்த கணிப்பு. அதிகம் பேர் இறக்காத, டிஜிட்டல் கையொப்பம் இல்லாத சின்ன நிரல்கள் இதில் அநியாயமாக மாட்டிக்கொள்வது உண்டு. அதற்காக 'எம்எல்' என்றாலே பொய் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஏற்கெனவே அறிந்த வைரஸ் குடும்பம் ஒன்றின் பெயரைச் சொல்லியே தடுத்திருந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், அழித்துவிடுங்கள்.

அடுத்து வைரஸ்டோட்டல். 2004-இல் ஸ்பெயினில் தொடங்கி 2012-இல் கூகுள் வாங்கிய இலவசச் சேவை இது. ஃபைலைக் கொடுத்தால் சுமார் 70 ஆன்டிவைரஸ்களின் தீர்ப்பையும் ஒரே பக்கத்தில் காட்டும். பேர் தெரியாத இரண்டு மூன்று மட்டும் சிவப்பு காட்டினால் பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. முன்னணி நிறுவனங்கள் பலவும் ஒரே குரலில் சொன்னால் சந்தேகப்பட வேண்டியதில்லை. 650 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை அது ஏற்காது. பல விமான இன்ஸ்டாலர்கள் அதைவிடப் பெரியவை. அப்போது டிஃபெண்டர் பிடித்த குறிப்பிட்ட ஃபைலை மட்டும் கொடுக்கலாம். அங்கே ஏற்றும் ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும் என்பதால் சொந்த விவரம் அடங்கிய எதையும் ஏற்றாதீர்கள்.

ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பத்தையும் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரில் செல்லுபடியாகும் கையொப்பம் இருந்தால், இடையில் யாரும் கை வைக்கவில்லை என்று தெரியும். தயாரிப்பாளர் உள்ளே எதை வைத்தார் என்பதற்கு அது சான்று ஆகாது.

எல்லாம் பார்த்துத் தவறான எச்சரிக்கைதான் என்று உறுதியானால், குவாரன்டைனிலிருந்து அந்த ஃபைலை மட்டும் மீட்டெடுங்கள். மைக்ரோசாஃப்ட்டுக்கும் ஆய்வுக்கு அனுப்பிவையுங்கள். அவர்கள் பட்டியலைத் திருத்தினால் அந்தச் சிறு தயாரிப்பாளருக்கு அது பெரிய உதவி.

கிராக் செய்த ஆட்-ஆன் நண்பரிடம் இருக்கிறது. ஸ்கேன் செய்துவிட்டுப் போடலாமா?

வேண்டாம். கிராக் என்பதே இன்னொருவருடைய நிரலைப் பிரித்து மாற்றியது; எச்சரிக்கை வந்தாலும் "கிராக் என்றால் அப்படித்தான் வரும்" என்று நீங்களே தள்ளிவிடுவீர்கள். திருடர்களுக்கு வேண்டியதும் அந்த மனநிலைதான். லும்மா என்ற பாஸ்வேர்டு திருடும் நிரல் பரவிய வழிகளில் கிராக் மென்பொருளும் ஒன்று. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையான இரண்டே மாதத்தில் உலகெங்கும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது.

ஆட்-ஆன் விலைகள் நம் ஊர்ச் சம்பளத்துக்குக் கனமானவை என்பது நியாயமான வருத்தம். ஆனால் இலவசமாகவே அருமையானவை இருக்கின்றன. ஃப்ளைபைவயர் குழு தன்னார்வமாகச் செய்த ஏ320நியோ, திறந்த மூல நிரலாகவே கிடைக்கிறது. எக்ஸ்-பிளேனில் ஜிபோ 737 இருக்கிறது. சிமுலேட்டருக்கே காசு இல்லையென்றால் ஃப்ளைட்கியர் முழுக்க இலவசம். இவற்றில் கற்றுக்கொள்ள வருடக்கணக்கில் விஷயம் உண்டு.

பெயர் பெற்ற தளத்திலிருந்து இறக்கினால் பயமில்லை, அல்லவா?

பயம் குறைவு, அவ்வளவே. 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் விளையாட்டின் மாட்கள் கிடைக்கும் கர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில், சில படைப்பாளர்களின் கணக்குகள் வழியாகவே ஃபிராக்சரைசர் என்ற வைரஸ் கலந்த மாட்கள் ஏற்றப்பட்டன. நேற்றுவரை நல்லதாக இருந்த மாட், இன்றைய அப்டேட்டில் கெட்டதாகிவிட்டது. சிமுலேட்டர் உலகத்திலும் அதே போன்ற தளங்கள், அதே போன்ற தனிநபர் கணக்குகள்தான். வெறும் காட்சித் தொகுப்பு என்று சொல்லிவிட்டு ஜிப்புக்குள் எக்ஸி ஃபைல் வைத்திருந்தால், அது ஏன் வேண்டும் என்று கேளுங்கள். விமான நிலையக் கட்டடங்களைக் காட்ட எக்ஸி தேவையில்லை.

கட்டண ஆன்டிவைரஸ்தான் வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பிள்ளைகளும் அதே கணினியைப் பயன்படுத்துகிறார்கள், பெற்றோர் கட்டுப்பாடு வேண்டும் என்பது போன்ற நியாயமான காரணம் இருந்தால் வாங்கலாம். முழுத்திரை நிரல் ஓடும்போது பாப்-அப்பையும் ஸ்கேனையும் அப்டேட்டையும் தள்ளிப்போடும் கேம் மோட் இருக்கிறதா என்று பாருங்கள். பிட்டிஃபெண்டர் போன்றவற்றில் உண்டு. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கிலிருந்து இயங்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், கணினியை எது எவ்வளவு மந்தமாக்குகிறது என்று தனியாகவே சோதித்து வெளியிடுகிறது. விளம்பரத்தைவிட அதை நம்பலாம். மறைகுறியாக்கப்பட்ட இணையப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் வசதி இருந்தால், சிமுலேட்டருக்கு மட்டும் அதை விலக்க வழி இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் நிலப்பரப்பின் பெரும்பகுதி பறக்கும்போதே இணையத்தில் வருவதால் அங்கே தாமதம் கூடக்கூடாது.

நிறுவனத்தின் நடத்தையையும் பார்க்க வேண்டும். பயனர்களின் இணைய நடமாட்டத் தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக அவாஸ்ட் மீது அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி நடவடிக்கை எடுத்தது. 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டியதாயிற்று. நார்ட்டன் 2021-இல் தன் தொகுப்புக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் வசதியைச் சேர்த்தது. பயனர் சம்மதித்தால்தான் இயங்கியது என்றாலும், கிடைத்ததில் 15 சதவீதம் நிறுவனத்துக்குப் போனது. சிமுலேட்டருக்காக வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டை வைத்து நாணயம் தோண்டும் யோசனை ஒரு பாதுகாப்பு நிறுவனத்துக்கு வந்ததே எனக்கு உவப்பாக இல்லை. காஸ்பர்ஸ்கியை 2024-இல் அமெரிக்கா தன் நாட்டில் தடை செய்தது. அங்குள்ள உறவினர் சொல்லும் ஆலோசனையும் இங்குள்ள நிலவரமும் அதனால் வேறுபடும். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் ஆகியவையும் பல ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கின்றன. இலவசச் சோதனைக் காலத்தில் ஒரு வாரம் பறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்குமா?

கிடைக்காது. இரண்டும் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் பிடித்திழுக்கும், உதறல் இரட்டிப்பாகும். அதனால்தான் வேறொன்றை நிறுவியதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. ஆன்டிவைரஸ்கள் விண்டோஸின் அடித்தளமான கெர்னலில் டிரைவர் வைத்து இயங்குபவை. அங்கே ஒரு பிழை நேர்ந்தால் கணினியே விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோய், உலகெங்கும் நிஜ விமானங்களே புறப்பட முடியாமல் போனதை விமான ஆர்வலர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லேப்டாப்போடு சோதனைப் பதிப்பாக வந்து காலாவதியான ஆன்டிவைரஸ் இருந்தால் முறையாக நீக்குங்கள்; நீக்கியதும் டிஃபெண்டர் பொறுப்பேற்றதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்சிம் என்ற இணையப் பறப்பு வலையமைப்பில் சேர்ந்து பறக்கிறேன். இரண்டாவது கணினியில் வரைபடமும் ஓடுகிறது. ஃபயர்வால் தடுக்கிறது.

ஃபயர்வாலை அணைக்க வேண்டியதில்லை. அந்தந்த நிரலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வீட்டுக்குள் இரண்டு கணினிகளை மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் சிம்கனெக்ட் என்ற இணைப்பு வசதி வழியாக இணைப்பதென்றால், வீட்டு வைஃபை 'பிரைவேட்' என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அனுமதியும் 'பிரைவேட்' நெட்வொர்க்குக்கு மட்டும் போதும். 'பப்ளிக்' கட்டத்தில் டிக் போடாதீர்கள்.

காக்பிட் கருவிகளின் டிரைவருக்காக விண்டோஸ் 10-லேயே இருக்கிறேன். ஆபத்தா?

அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தால் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் உண்டு. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பட்டியல் வந்தாலும் இயங்குதளத்தின் ஓட்டைகள் அடைபடாது. அந்தக் கணினியில் பிரவுசரைத் திறக்காமல், பறப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஏதோ ஓட்டிவிட்டேன், இப்போது சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்வது?

உடனே இணையத்தைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள். போனிலோ வேறு கணினியிலோ மாற்றுங்கள். முதலில் மெயில், பிறகு மைக்ரோசாஃப்ட், ஸ்டீம், வங்கி என்ற வரிசையில் போங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்துங்கள்; திருடர்கள் பாஸ்வேர்டோடு பிரவுசரின் குக்கீயையும் எடுத்துப் போவதால், பாஸ்வேர்டை மாற்றியும் உள்ளேயே இருப்பார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத கணக்குகளில் அதையும் போடுங்கள்.

அதன் பிறகு 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே பரிசோதிக்கும். கால் மணி நேரம் பிடிக்கும். இந்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திராவிலும் இலவச நீக்கக் கருவிகள் உள்ளன. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

பாஸ்வேர்டு திருடும் வகை பிடிபட்டால் விண்டோஸை மறுபடி நிறுவிவிடுவதே என் பரிந்துரை. சிமுலேட்டரையும் வாங்கிய ஆட்-ஆன்களையும் உங்கள் கணக்கிலிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளலாம். நகலெடுத்து வைக்க வேண்டியவை ஜாய்ஸ்டிக் அமைப்புகளும் ஆட்-ஆன்களின் உரிம எண்களும் மட்டுமே. கம்யூனிட்டி ஃபோல்டரையும் பிளக்இன்ஸ் ஃபோல்டரையும் பழையபடியே நகலெடுத்துக் கொண்டுவராதீர்கள். அவற்றில் இருந்ததை மூல இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகப் புதிதாக இறக்குங்கள்.